குரலை எங்கே வெட்டுவது?

வீட்டில் ஹார்ன் ஒலிபெருக்கி அமைக்கும் நண்பர்கள், கிராஸ்ஓவர் வடிகட்டியை 500 ஹெர்ட்ஸில் வைப்பதா, 800 ஹெர்ட்ஸில் வைப்பதா என்று என்னிடம் கேட்பதுண்டு. பேச்சொலியியல் பயின்றவன் என்பதால் வரும் கேள்வி. எண்ணோடு விடை முடிவதில்லை என்பதை இத்துறையின் வரலாறு காட்டுகிறது.

1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியாவில் இசைத்த இசைக்குழுவைப் பெல் ஆய்வகத்தார் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தனர். வென்ட்டும் துராஸும் வடிவமைத்த அந்த ஒலிபெருக்கிகளில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைப் பெரிய ஹார்னும், மேலுள்ளவற்றைச் சிறிய ஹார்ன்களும் ஏற்றன. ஒலியைப் பிரித்தாயிற்று, மீண்டும் சேர்ப்பதே கடினமாயிற்று.

அச்சிக்கலை வெளிப்படுத்தியது ஒரு நடனம் என்பர். எம்.ஜி.எம். படப்பிடிப்பகத்தில் எலினார் பவலின் காலடித் தட்டல் ஒவ்வொன்றும் இருமுறை கேட்டதாம். தாழொலி நீண்ட ஹார்னைக் கடந்து தாமதமாக வந்ததே காரணம். பாதைகள் எட்டடி வேறுபட்டால் தாமதம் ஏறத்தாழ 7 மில்லிவினாடி. டக்ளஸ் ஷியரரும் ஜான் ஹில்லியர்டும் உருவாக்கிய இருவழி ஹார்ன் அமைப்பில் தாழொலிப் பாதை சுருக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது.

பின்னாளில் திரையரங்குகளுக்கு வந்த ஆல்டெக் ஏ7 வீடுகளிலும் இடம்பிடித்தது. அதில் 800 ஹெர்ட்ஸுக்கு 811 என்னும் சிறிய ஹார்ன். 500 ஹெர்ட்ஸுக்கு 511 என்னும் பெரிய ஹார்ன். ஆக, வெட்டும் புள்ளியை முதலில் வரையறுப்பது ஹார்னின் அளவே. நம் விருப்பம் அன்று.

மொழியியலாளருக்கு இங்கே கூடுதல் அக்கறை உண்டு. ஆண் குரலின் 'ஈ'யில் முதல் ஃபார்மண்ட் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ். இரண்டாவது 2,000க்கு மேல். 500இல் வெட்டினால் ஒரே உயிரொலியின் இரு பகுதிகள் இரு வாய்களிலிருந்து வருகின்றன. 'ஆ'வின் முதல் ஃபார்மண்ட் 700ஐ ஒட்டியது. 800இல் வெட்டினால் அதுவும் பிளவுபடும். எங்கு வெட்டினாலும் குரல் தப்புவதில்லை.

ஆகவே தையல்தான் முக்கியம். 500 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 69 செ.மீ.; பாதைகள் அதில் பாதியளவு வேறுபட்டாலே, வெட்டும் புள்ளியில் ஒத்திசைய வேண்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். 1976இல் லிங்க்விட்ஸ் வெளியிட்ட வடிகட்டி முறையில் இரு பகுதிகளும் அப்புள்ளியில் 6 டெசிபெல் தாழ்ந்து, ஒரே கட்டத்தில் கூடிச் சமனாகின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் காதை அடைந்தால் மட்டுமே அக்கணக்கு பொருந்தும். மின்தேக்கியும் சுருளும் சேர்ந்த எளிய வடிகட்டி சில அடித் தாமதத்தை ஈடுசெய்யாது. ஹார்னைப் பின்னே நகர்த்த வேண்டும், அல்லது டிஜிட்டல் தாமதம் சேர்க்க வேண்டும்.

எனவே நண்பர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஹார்னின் எல்லை, அடுத்து பாதை நீளம், கடைசியில் வடிகட்டி. பெரும்பாலோர் கடையில் தொடங்குவது கடைசியிலிருந்து. பிறகு, பழகிய ஒருவர் பேசிய பதிவை ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். அவர் ஒரே இடத்தில் நின்று பேசுகிறாரா என்பதைக் காது சொல்லிவிடும்.