63.5 வாட்டில் தொடங்கிய கதை: எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல எந்த எண்ணைப் பார்க்கணும்?

காலேஜ்ல படிக்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு என் முதல் கேமிங் பிசியை அசெம்பிள் பண்ணினேன். கேபினட்டோட சேர்ந்தே ஒரு எஸ்எம்பிஎஸ் வந்துச்சு. மேலே பெருசா 450 வாட்னு ஸ்டிக்கர். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு 400 வாட் சப்ளை போதும்னு என்விடியாவே சொல்லியிருந்தது. கணக்கு சரிதானே? ஆனா கேம்ல பெரிய சண்டை வர்ற ஒவ்வொரு தடவையும் பொட்டுனு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகும்.

ராமை மாத்தினேன். விண்டோஸை மறுபடி போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுதான் ஸ்டிக்கர்ல இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன்: 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினா 192 வாட். அப்போ மீதி 258 வாட் எங்கே?

பதில் 1981-ல இருந்து ஆரம்பிக்குது. அந்த ஆகஸ்ட்ல வந்த ஐபிஎம் பிசிக்குள்ள இருந்த பவர் சப்ளை வெறும் 63.5 வாட். இன்னைக்கு ஒரு லேப்டாப் சார்ஜர் அளவு. அதுல 5 வோல்ட் லைன்ல 7 ஆம்பியர், அதாவது 35 வாட். 12 வோல்ட் லைன்ல 2 ஆம்பியர், 24 வாட். அந்தக் காலத்து சிப் எல்லாம் 5 வோல்ட்ல ஓடின. 12 வோல்ட் முக்கியமா ஃப்ளாப்பி டிரைவ் மோட்டாரைச் சுத்தறதுக்கு. 1983-ல எக்ஸ்டி மாடல்ல 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வந்ததும் சப்ளை 130 வாட் ஆச்சு. அடுத்த வருஷம் வந்த ஏடி மாடலுக்கு 192 வாட். ஆமா, என் ஸ்டிக்கர்ல வந்த அதே 192. தற்செயல்தான், ஆனா அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலை.

திருப்பம் 2000 நவம்பர்ல. இன்டெல் பென்டியம் 4-ஐ இறக்கினப்போ, மதர்போர்டுக்கு நாலு முனை கொண்ட தனி 12 வோல்ட் பிளக்கும் சேர்ந்து வந்துச்சு. ப்ராசஸருக்கு வேண்டியது 2 வோல்ட்டுக்கும் கம்மி. பின்ன எதுக்கு 12? காரணம் நம்ம பிளஸ் டூ பிசிக்ஸ்தான். 60 வாட்டை 5 வோல்ட்ல அனுப்பினா 12 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்ல அனுப்பினா 5 ஆம்பியர் போதும். கம்பியில சூடாகி வீணாகறது மின்னோட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதனால அதே கம்பியில இழப்பு கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு ஆயிடும். ப்ராசஸர் பக்கத்துல கொண்டுவந்து அங்கே வோல்டேஜைக் குறைச்சுக்கலாம்.

கிராபிக்ஸ் கார்டும் அதே வழிக்கு வந்துச்சு. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்ல அதிகபட்சம் 75 வாட், 6 முனை பிளக்ல 75, 8 முனையில 150. ஏறக்குறைய எல்லாமே 12 வோல்ட். அதாவது பிசியோட பசி முழுக்க 5 வோல்ட்டை விட்டு 12-க்கு மாறிடுச்சு.

ஸ்டிக்கர் மட்டும் மாறலை. 3.3, 5, 12 எல்லாத்தையும் கூட்டி ஒரே எண்ணா அடிக்கலாம். ஒரு நொடி தாங்கற உச்ச அளவைப் போட்டும் அடிக்கலாம். என்னோட 258 வாட்ல கொஞ்சம் யாருமே கேக்காத 5 வோல்ட் லைன்ல இருந்திருக்கும். மிச்சம் வெறும் பிரிண்டிங் மையா இருந்திருக்கும்னு என் சந்தேகம்.

இந்தக் குழப்பம் கார்டு கம்பெனிகளுக்கும் தெரியும். 2004-ல ஜிஃபோர்ஸ் 6800 அல்ட்ராவுக்கு என்விடியா 480 வாட் சப்ளை வேணும்னு சொன்னப்போ பலரும் மிரண்டாங்க. 115 வாட் மட்டும் எடுக்கற ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் 550 வாட் பரிந்துரை. நீங்க என்ன டப்பா வச்சிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதே! மோசமானதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடறாங்கன்னு நான் புரிஞ்சுக்கறேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. இப்போ கார்டுகள் கண்ணிமைக்கறதுக்குள்ள சராசரியைத் தாண்டிப் பாயும். அதனாலதான் 2022-ல வந்த ஏடிஎக்ஸ் 3.0, 100 மைக்ரோ செகண்டுக்கு சப்ளையோட அளவைப் போல இரு மடங்கு வரை தாங்கணும்னு கேட்டுச்சு.

சரி, உங்க பிசிக்கு? ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட், ரைசன் 5 7600 அதிகபட்சம் 88, ஃபேன், எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாத்துக்கும் தாராளமா 75. மொத்தம் 363. இதுக்கு நல்ல 650 வாட் சப்ளை போதும், பின்னாடி அப்கிரேடு பண்ணவும் இடம் இருக்கும். 1000 வாட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அதுக்காக 1000 வாட் வாங்கினா அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்ட் பில் ஏறும்னு வீட்டுல சொன்னா, அதுவும் தப்பு. பிசி கேக்கறதையும் சூடாகி வீணாகற கொஞ்சத்தையும்தான் அது சுவர்ல இருந்து இழுக்கும். அந்த வீணாகறதை அளக்கத்தான் 80 பிளஸ் முத்திரை.

கடைசியில நான் வாங்கினது 550 வாட்தான். பழசைவிட 100 வாட் மட்டும் கூடுதல். ஆனா ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா 45 ஆம்பியர்னு இருந்துச்சு. பெருக்கினா 540. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகலை. பழைய 450 வாட் இன்னும் பரண்மேல கிடக்கு.