ஐடா ஸ்கடர்: ஓர் இரவும் அறுபது ஆண்டுகளும்

தமிழ்க் கிறித்தவர்களிடையே 'அழைப்பு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒருவர் தம் வாழ்நாளை எந்தப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடவுளே அவருக்கு உணர்த்துகிறார் என்பது அதன் கருத்து. இதற்கு எடுத்துக்காட்டாகச் சபைகளில் அடிக்கடி சொல்லப்படுவது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் (1870–1960) வாழ்க்கை. திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டிய நிகழ்ச்சி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த இரவுக்கு முன்னிருந்த மறுப்பும் பின்னால் வந்த நெருக்கடிகளும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐடாவின் நோக்கம் அன்றிரவே முழு உருவம் பெற்றுவிடவில்லை. அதன் வடிவத்தைப் பின்னர் சில முறை அவர் மாற்ற நேர்ந்தது. கடைசி மாற்றத்தால் ஒரு நீண்டகால நட்பையும் இழந்தார்.

குடும்பமும் மறுப்பும்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் மருத்துவராக இருந்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த சிறுநூல் ஒன்று அவரை மிஷன் பணிக்குத் திருப்பியது என்பது குடும்ப வரலாறு. 1819இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவ மிஷனரி இவரே. 1836இல் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆற்காட்டு வட்டாரத்தில் பரவினர். நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் மிஷனரிகளாயினர். அந்தக் குடும்பத்தில் மிஷன் பணி ஏறத்தாழக் குலத்தொழில் போலாகியிருந்தது.

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அந்தக் குலத்தொழிலை வேண்டாம் என்றவர். அவருடைய குழந்தைப் பருவம் 1876–78 பெரும்பஞ்சத்தின் நடுவே கழிந்தது. கையைத் தூக்கி உண்ணவும் வலுவில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டிய நினைவு அவருக்குக் கடைசிவரை இருந்தது. பஞ்சத்துக்குப் பின் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் மீண்டும் இந்தியா சென்றுவிட, சிறுமி ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். இந்தியா என்பது பசியும் வெக்கையும் நிறைந்த நாடு, தன் பெற்றோரைத் தன்னிடமிருந்து பறித்த நாடு என்று ஒரு பெண்பிள்ளை எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

அவர் படித்த இடம் இந்த மறுப்பைக் கூடுதல் கவனத்துக்குரியதாக்குகிறது. மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் புகழ்பெற்ற நற்செய்தியாளர் டுவைட் மூடி நிறுவிய பெண்கள் பள்ளியில் அவர் சேர்ந்தார். அருகிலுள்ள மவுண்ட் ஹெர்மனில் 1886இல் மூடி கூட்டிய மாணவர் முகாமில்தான், நூறு இளைஞர்கள் வெளிநாட்டு மிஷன் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். மாணவர் தன்னார்வ இயக்கம் என்ற பேரலை அங்கிருந்து கிளம்பியது. அந்த அலையின் கரையிலேயே வாழ்ந்தும் ஐடா நனையாமல் நின்றார். அமெரிக்காவிலேயே திருமணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை. 1890இல் தாயின் உடல்நிலை மோசமானதால் உதவிக்கு வருமாறு அழைக்கப்பட்டபோதும், குறுகிய காலம் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடனேயே திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

திண்டிவனத்து இரவு

அந்த இரவைப் பற்றி நாம் அறிவது, பிற்காலத்தில் ஐடாவே பலமுறை சொன்னதைத்தான். முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் இருந்தார், மருத்துவச்சியால் ஆகவில்லை. தன் தந்தை மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன், நானும் துணைக்கு வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்று சொல்லி இளைஞர் திரும்பிவிட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிமும் மேல்சாதியைச் சேர்ந்த மற்றோர் இந்துவும் இதே வேண்டுகோளுடன் வந்து, இதே மறுமொழியுடன் போனார்கள். பொழுது விடிந்தபின் சாவுப்பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

இரவெல்லாம் உறங்காமல் வேண்டுதல் செய்தபின், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்புவேன் என்று பெற்றோரிடம் அறிவித்தார். அதை அவர் கடவுளின் குரலாகவே எடுத்துக்கொண்டார். வரலாற்று நோக்கில் பார்ப்பவருக்கு இதில் இன்னொன்றும் தெரியும். நார்த்ஃபீல்டின் உணர்ச்சிமிக்க கூட்டங்களும், மூன்று தலைமுறைக் குடும்பப் பெருமையும் அசைக்காத ஒருவரை, தான் மட்டுமே நிரப்பக்கூடிய ஒரு குறை அசைத்தது. தந்தையின் திறமையில் அங்கே குறையில்லை. அவர் ஆணாக இருந்ததே தடையாயிற்று.

அக்காலத்தில் இந்தியாவில் பெண் மருத்துவர்களே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் பெண் மருத்துவ மிஷனரி கிளாரா ஸ்வெயின் 1870இலேயே பரேலிக்கு வந்துவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை 1885இல் சென்னையில் தொடங்கியது. ஆனால் இவையெல்லாம் பெருநகரங்களைச் சுற்றியே இருந்தன. திண்டிவனத்துப் பெண்ணுக்குச் சென்னை எட்டாத தொலைவு.

ஐடா 1895இல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புனேயைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றதும் இதே கல்லூரியில்தான். பின்னர் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன், வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

வேலூரின் முதல் ஆண்டுகள்

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா வந்திறங்கினார். அனுபவமிக்க தந்தையின் கீழ் சில ஆண்டுகள் பழகிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு மே மாதத்தில் தந்தை புற்றுநோயால் இறந்தார். கல்லூரியை விட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத பெண், இனி தனியாகவே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். மிஷன் பங்களாவின் ஓர் அறையில், ஒற்றைக் கட்டிலுடன் மருத்துவம் தொடங்கியது. உதவிக்கு இருந்தவர் சமையலறையில் வேலை செய்துவந்த சலோமி. மருந்து கலக்கவும் கட்டுப்போடவும் அவருக்கு ஐடாவே கற்றுக்கொடுத்தார். பின்னாளில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கற்பிக்கப்போகிறவரின் முதல் மாணவி அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினார்கள். நம்பிக்கை மெல்ல வந்தது. வந்தபின் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி, வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் ஐடா புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, 1909இல் பெஷோ கார் ஒன்று வந்தது. குறிப்பிட்ட மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, காய்ச்சலுக்குக் கொயினா எல்லாம் சாலையோரத்திலேயே கொடுக்கப்பட்டன. 'ரோட்சைடு' என்று இது பெயர் பெற்றது. இன்றைய சமுதாய மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

இந்தப் பயணங்களே அவருடைய நோக்கத்தின் முதல் மாற்றத்துக்கும் வித்திட்டன. எத்தனை மரத்தடிகளில் நின்றாலும் அடுத்த ஊரில் யாரோ ஒரு பெண் மருத்துவர் இல்லாமல் இறந்துகொண்டிருந்தாள். மூன்று பெண்களுக்காகக் கிளம்பிய பயணம், கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று பெண்களோடு முடியாது. இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்குவது ஒன்றே வழி. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. கற்பித்தலில் அமெரிக்க மிஷனுக்கு முன்னனுபவம் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழ் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்து, பாடநூல்களைத் தமிழிலும் ஆக்கியிருந்தார். ஆனால் கிரீனிடம் படித்தவர்கள் ஆண்கள்.

மருத்துவப் பள்ளி

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பல திருச்சபைகள் சேர்ந்து நடத்தியதால் 'யூனியன்' என்ற அடைமொழி அதன் பெயரில் இருந்தது. முதல் உலகப்போர் முடியாத காலம் அது. வாடகைக் கட்டடங்களில், போதிய கருவிகள் இல்லாமல் வகுப்பு நடந்தது. விண்ணப்பிக்கப் பெண்களே கிடைக்கமாட்டார்கள் என்ற ஐயம் அரசு மருத்துவத் துறைத் தலைமையிடம் இருந்தது. ஆண்களே பெருமளவில் தோற்கும் தேர்வை இவர்கள் எப்படித் தாண்டுவார்கள் என்றும் கேட்டார்கள். முதலாண்டுத் தேர்வை எழுதிய வேலூர் மாணவியர் அனைவரும் தேறினர். முதல் அணி 1922இல் எல்.எம்.பி. தகுதியுடன் வெளியேறியது.

இந்த மாணவியர் எல்லாரும் பெரிய குடும்பத்துப் பெண்கள் அல்லர். அக்காலச் சமூகத்தில் திருமணத்தைத் தள்ளிவைத்துப் பிணம் அறுத்துப் படிப்பது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை இன்று எண்ணிப் பார்ப்பது கடினம். ஐடாவின் பெயர் கட்டடங்களில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் சிற்றூர் மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளில்தான் கிடக்கின்றன.

பள்ளிக்கான பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கப் பெண்களிடமிருந்து வந்தது. பாப்டிஸ்ட் மிஷன் தலைவரான லூசி பீபாடி, 1920களின் தொடக்கத்தில் ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரு பெரும் நிதித் திரட்டலை முன்னின்று நடத்தினார். பெண்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து பத்து லட்சம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அந்தத் திரட்டலால் பயன்பெற்ற நிறுவனங்களில் வேலூரும் ஒன்று. பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கரில் கல்லூரி வளாகம் எழுந்தது.

நட்பு முறிந்த முடிவு

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனி மருத்துவராக எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும். வேலூர் பள்ளி பல்கலைக்கழகத்துடன் இணைய வேண்டுமானால் கூடுதல் படுக்கைகள், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், ஆய்வகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரும்பணம் தேவை. இல்லையேல் மூட வேண்டியதுதான். ஐடாவுக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பொதுவான கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக்கினால் கூடுதல் மிஷன் அமைப்புகள் உதவும் என்ற கருத்து வலுத்தது. லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த காசு இது. பெண்களை நம்பி எழுப்பிய ஒன்றை ஆண்களிடம் கைமாற்றுவது துரோகம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூட்டுக் கல்வி வந்த பல இடங்களில் தலைமைப் பொறுப்புகள் பெண்களிடமிருந்து நழுவியதை அவர் தலைமுறை கண்ணால் பார்த்திருந்தது. ஐடாவும் எளிதில் இணங்கவில்லை. பெண்களுக்கு மட்டும் என்பதுதான் திண்டிவனத்து இரவின் நேரடிப் பொருள். ஆயினும் கல்லூரி நிலைக்க வேண்டுமானால் அந்தப் பொருளை விரித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பீபாடி உறவை முறித்துக்கொண்டார். இருவருமே ஒரே விசுவாசத்தின் பெயரால், ஒரே பெண்களின் நலனுக்காகப் பேசினார்கள் என்பதே இந்தப் பிணக்கின் துயரம்.

1941இல் ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். போர்க்காலம் முழுவதும் ஊர் ஊராகப் பேசினார். 1942இல் தற்காலிக இசைவுடன் எம்.பி.பி.எஸ். வகுப்பு வேலூரில் தொடங்கியது. நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். 1946இல் ஐடா பொறுப்புகளிலிருந்து விலகினார். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஹில்டா லாசரஸ் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். தலைமை கைமாறியபோது அது சென்றது ஒரு பெண்ணிடம். பீபாடியின் அச்சம் அந்த அளவில் பொய்த்தது.

கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு நற்செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது. பணிவிடை பெறுவதற்கு அன்று, செய்வதற்கே வந்திருப்பதாக இயேசு கூறும் இடம் அது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். தம் சமயத்திலேயே இருந்து, குணமடைந்து வீடு திரும்பியவர்கள். மிஷன் மருத்துவம் மதமாற்றத்துக்கான வாசல் என்ற குற்றச்சாட்டு காலனியக் காலத்தில் பரவலாக இருந்தது. மிஷன் சங்கங்களின் எழுத்துகளிலேயே அதற்குச் சான்றுகள் உண்டு. வேலூரைப் பொறுத்தவரை, ஊர் அதை முதன்மையாக ஒரு மருத்துவமனையாகவே ஏற்றுக்கொண்டது.

ஓய்வுக்குப்பின் கோடைக்கானலில் தம் இல்லத்தில் ஐடா வாழ்ந்தார். 1960 மே மாதத்தில், 89ஆம் வயதில், அங்கேயே காலமானார். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு, 1954இல், கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற கேரளத்துப் பெண் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்திருந்தார். மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்று எண்ணிய அவரைத் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவைக்குத் திருப்பியவர் பால் பிராண்ட். அந்த அறுவையைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்ய முடிந்தது. பின்னர் மேரி நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தில், மரத்திலிருந்து விழுந்தும் சாலையில் அடிபட்டும் தண்டுவடம் முறிந்து வந்தவர்களை, சக்கர நாற்காலியில் இருந்த அந்த மருத்துவரே எதிர்கொண்டார்.