வழி எழுதாமல் நான் சொன்ன ஒரு விடை



கொஞ்சம் நீளமான பதிவு இது. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. அந்த விதியைப் போன மாதம் எனக்கே போட்டுக்கொள்ள வேண்டி வந்தது. நாற்பது வருடங்களுக்கு முன் நைஜீரியாவில், வழி பார்க்காமல் நான் சொல்லிக்கொடுத்த ஒரு விடை இன்று ஒரு சண்டையில் சாட்சியாக வந்து நின்றது.

நான் நைஜீரியாவில் இருந்த கதை உறவினர்களுக்குத் தெரியும். இளைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 1976-இல் அந்த நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் இருந்தது, பள்ளிகள் பெருகின, ஆசிரியர்கள்தான் போதவில்லை. இந்தியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் போனோம். 1979-இல் இபாடான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தேன். 1984-இல் திரும்பி வந்தேன். நம் ஊரில் என்னைக் 'கறுப்பு' என்று சொல்லாதவர்கள் இல்லை. அங்கே தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் 'ஓயின்போ' என்று கத்துவார்கள். வெள்ளைக்காரன் என்று அர்த்தம்!

1981-இல் வரலாற்று ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். தலைமையாசிரியர் வரலாற்று வகுப்பையும் என் தலையில் கட்டினார். முதல்நாள் இரவு பாடப்புத்தகத்தைப் படிப்பேன், மறுநாள் காலையில் அதையே கரும்பலகையில் எழுதுவேன். இரண்டு பருவம் அப்படித்தான் ஓடியது.

அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு, அறுபது வயது. லேகோஸ், இபாடான், லண்டன், ஹூஸ்டன் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்து, என்னைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் எழுந்தால் இருநூறு செய்திகள் கிடக்கும். ஜொலோஃப் சோறு நைஜீரியாவில் நன்றாக இருக்குமா, கானாவில் நன்றாக இருக்குமா என்பது ஓயாத சண்டை. செனகல் நாட்டு வோலோஃப் மக்களின் பெயரைத் தாங்கிய சோற்றுக்கு இந்த இருவரும் அடித்துக்கொள்வது எனக்கு வேடிக்கை. ஆனால் போன மாதச் சண்டை வேடிக்கையாக இல்லை.

நைஜீரியா உண்மையான நாடே இல்லை என்று ஒருவன் எழுதினான். "லுகார்ட் துரையின் பெண்டாட்டி வைத்த பெயர்தானே? நம்முடைய இந்திய சார் வகுப்பில் சொன்னது மறந்துவிட்டதா?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தான். எழுதியவன் இபோ இனத்தவன். மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பையன்.

சொன்னேன், உண்மைதான். புத்தகத்தில் அப்படி இருந்ததா, நானாகச் சுருக்கினேனா என்பது இப்போது முக்கியமில்லை. சொன்னது தப்பு.

நடந்தது இதுதான். 1897 ஜனவரி 8-ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஃபுளோரா ஷா என்ற பெண்மணி ஒரு கட்டுரை எழுதினார். அவர் அந்தப் பத்திரிகையின் காலனி விவகார ஆசிரியர். அந்தக் காலத்தில் ஒரு பெண் எட்ட முடியாத பெரிய பதவி. ராயல் நைஜர் கம்பெனியின் பிரதேசங்கள் என்று நீட்டி முழக்குவதற்குப் பதிலாக 'நைஜீரியா' என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்பது அவர் யோசனை. அவர் சொன்னது கம்பெனியின் பகுதியை மட்டும்தான். லேகோஸ் அதில் சேராது. 1900 ஜனவரி 1 முதல் வட நைஜீரியா, தென் நைஜீரியா என்று பெயர் அரசாங்க வழக்கிலும் வந்துவிட்டது. லுகார்டை அவர் மணந்தது 1902-இல். பெயர் எழுதியபோது அவர் யாருடைய மனைவியும் இல்லை. தன் தொழிலைச் செய்த பத்திரிகையாளர்.

ஐந்து வருட வித்தியாசம் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 'பெண்டாட்டி வைத்த பெயர்' என்று சொன்னால் நாடு ஒரு துரை வீட்டுச் செல்லப்பிராணி மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் ஒரு வணிகக் கம்பெனி வெளியே வருகிறது. 1886-இல் பட்டயம் வாங்கி, ஆற்றங்கரையில் வரி போட்டு, படை வைத்து ஆண்ட கம்பெனி. பட்டயத்தைத் திரும்பப் பெற்றபோது பிரிட்டிஷ் அரசு அதற்குக் கொடுத்த இழப்பீடு 8,65,000 பவுண்டு. நம் கிழக்கிந்தியக் கம்பெனியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையன்கள் கோபப்பட வேண்டிய இடம் அதுதான். என்னுடைய சுருக்கம் அவர்களை ஒரு பெண்ணின் பக்கம் திருப்பிவிட்டது.

இன்னொரு குற்றமும் நினைவுக்கு வந்தது. 'நைஜர் ஆற்றைக் கண்டுபிடித்தவர் யார்? மங்கோ பார்க்.' பரீட்சையில் தவறாமல் வரும் ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவி எழுந்து, "கரையில் மீன் பிடித்தவர்களுக்குக் கண் இல்லையா சார்?" என்றாள். வகுப்பே சிரித்தது. "பரீட்சையில் மங்கோ பார்க் என்றே எழுது" என்று அவளை உட்கார வைத்துவிட்டேன்.

அவள் கேட்டதுதான் சரி. ஒரே ஆற்றுக்கு மேல்பகுதியில் ஜோலிபா, ஹவுசா மொழியில் குவாரா, யோருபா மொழியில் ஓயா என்று பெயர்கள் உண்டு. யாரும் தொலைக்காத ஆற்றை ஒருவர் கண்டுபிடிக்க முடியாது. மங்கோ பார்க் 1796-இல் அதைப் பார்த்த செகு நகரம் நைஜீரியாவிலேயே இல்லை, இன்றைய மாலி நாட்டில் இருக்கிறது. ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது என்று நேரில் பார்த்து ஐரோப்பாவுக்குச் சொன்னார். அது எங்கே கடலில் சேர்கிறது என்பது 1830-இல் லேண்டர் சகோதரர்கள் படகில் போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதே கழிமுகத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடிமைகளையும் பிறகு பனை எண்ணெயையும் ஏற்றிக்கொண்டிருந்தன. எந்த ஆற்றின் வாயில் நிற்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வகுப்பில் சொல்ல வேண்டிய பாடம் இது. அதற்குப் பதில் ஒரு மதிப்பெண்ணுக்காகப் பெண்பிள்ளையின் வாயை அடைத்தேன்.

இனி சண்டையின் நடு விஷயம். அந்த ஜன்னல் ஓரத்துப் பையன் அடுத்து எழுதியது, நைஜீரியர்களிடையே அடிக்கடி கேட்கும் ஒன்று. 1914-இல் வடக்கையும் தெற்கையும் இணைத்தது நூறு வருடத்துக்கு மட்டுமாம். 2014-இல் அந்த ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டதாம். இனி யாரும் யாரோடும் இருக்க வேண்டியதில்லையாம்.

இந்தத் தடவை நான் வழி பார்த்தேன். 1914 ஜனவரி 1-ஆம் தேதி இணைப்பு நடந்தது. அதற்கான ஆணைகள் 1913 நவம்பரில் மன்னர் பெயரில் வந்தவை. அவற்றில் நூறு வருடம் என்ற கெடு இல்லை. வடக்கும் தெற்கும் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அது இல்லை. அங்கே வாழ்ந்த யாரையும் கேட்காமல் போட்ட உத்தரவு. காரணம் பெரும்பாலும் கணக்குதான். வடக்குக்குக் கடற்கரை இல்லை. சுங்க வருமானம் குறைவு. ஒவ்வொரு வருடமும் லண்டன் கஜானா துண்டு விழுந்ததை ஈடுகட்ட வேண்டியிருந்தது. தெற்கில் துறைமுகங்கள் இருந்தன. இறக்குமதிச் சாராயத்தின் மீது போட்ட வரியே பெரிய வருமானம். இரண்டையும் சேர்த்தால் லண்டன் பணம் தர வேண்டாம். இரண்டு ரயில் பாதைகளையும் ஒரே நிர்வாகத்தில் கொண்டுவரலாம்.

அப்படியே நூறு வருடக் கெடு இருந்திருந்தாலும் பயன் இல்லை. 1960 அக்டோபர் 1-இல் சுதந்திரம், 1963-இல் குடியரசு, இப்போது நடப்பில் இருப்பது 1999 அரசியல் சட்டம். குடியிருந்த வீட்டையே விலைக்கு வாங்கிப் பத்திரம் பதிந்த பிறகு, பழைய பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டதா என்று கேட்பது போன்றது இது.

ஆனால் பக்கத்திலேயே கெடு போட்ட ஓர் ஏற்பாடு உண்மையாகவே இருந்தது. கம்பெனியின் பட்டயத்தைத் திரும்பப் பெற்றபோது, ஒரு பெரும் நிலப்பரப்பில் கிடைக்கும் கனிம உரிமத் தொகையில் பாதியை 99 வருடங்களுக்கு அதற்கே தர ஒத்துக்கொண்டார்கள். அந்த மண்ணின் தகரத்தில் பாதிப் பங்கு, ஆட்சியை விட்டுப் போன கம்பெனிக்கு. இதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் பேசவில்லை.

இதையெல்லாம் வரிசை எண் போட்டு எழுதி அனுப்பினேன். கைதட்டல் படங்கள் குவிந்தன. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்று இரவு அந்தப் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். "சார், தாள் காலாவதி ஆகவில்லை என்று நிரூபித்துவிட்டீர்கள். சரி. என் அப்பாவின் இருபது பவுண்டுக்கு என்ன வழி?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அவன் கேட்டது இது. 1967 ஜூலையிலிருந்து 1970 ஜனவரி வரை பியாஃப்ரா போர் நடந்தது. குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பட்டினிக்குப் பலியானவர்கள் அதிகம். போர் முடிந்ததும், வென்றவரும் இல்லை தோற்றவரும் இல்லை என்று அரசு அறிவித்தது. பிறகு, பியாஃப்ரா பகுதியில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும், தலைக்கு இருபது பவுண்டு என்று கொடுத்தார்கள். அவன் அப்பா ஓனிட்சாவில் துணி வியாபாரி. பதினைந்து வருடச் சேமிப்புக்கு இருபது பவுண்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு இபாடானுக்கு வந்தவர். 1972-இல் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கச் சொல்லிச் சட்டம் வந்தபோது, அவர்களில் பலரிடம் வாங்கக் கையில் காசு இல்லை.

எனக்கு அந்த அப்பாவைத் தெரியும். கட்டணம் கட்ட வருவார், நோட்டுகளை மூன்று தடவை எண்ணுவார். இவ்வளவு எண்ணுகிறாரே என்று நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன்.

அப்போதுதான் புரிந்தது. நூறு வருடக் கதை தப்பு. ஆனால் "எங்களை யாரும் கேட்கவில்லை, எங்களுக்குக் கணக்குத் தீர்க்கவில்லை" என்று அதற்குள் இருப்பது தப்பு இல்லை. எந்த நீதிமன்றத்திலும் தீராத குறைக்கு மனிதர்கள் ஒரு காலாவதித் தேதியைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். தேதியை அடித்துவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். மீதிக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2000-களின் பிற்பகுதியில் நைஜீரியப் பள்ளிகளின் அடிப்படை வகுப்புகளில் வரலாறு தனிப்பாடமாக இல்லாமல் போனது. 2018-இல்தான் திரும்பக் கொண்டுவர அரசு உத்தரவிட்டது. இடைப்பட்ட பிள்ளைகள் வரலாற்றைத் தொலைபேசியில் படித்தார்கள். அதற்கு முந்தையவர்கள் என்னைப் போன்றவர்களிடம் படித்தார்கள்! எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் குழுவில் இப்படி எழுதினேன்: "ஃபுளோரா ஷா பற்றி 1981-இல் நான் சொன்னது தவறு. ஆற்றைப் பற்றிக் கேட்ட மாணவி கேட்டது சரி. அவளை உட்கார வைத்தது தவறு. நூறு வருடக் கெடு என்பது இல்லை. இருபது பவுண்டு உண்மை. முதல் மூன்றைத் திருத்திவிட்டேன். நான்காவது என் கையில் இல்லை. ஆனால் அதைப் பேசுகிறவனைப் பொய்யன் என்று யாரும் சொல்லக் கூடாது."

ஆற்றைப் பற்றிக் கேட்டவள் இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. "அந்த ஒரு மதிப்பெண்ணை இப்போது போடுங்கள் சார்" என்று எழுதினாள். போட்டேன். ஜன்னல் ஓரத்துப் பையன் பதில் எழுதவில்லை. படித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் மட்டும் தெரிகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடலாம் என்று இருக்கிறேன். அவன் அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நம் குடும்பக் குழுவிலும் தினம் நாலு 'வரலாறு' வருகிறது. திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்திய பிறகு, அனுப்பியவர் எதற்காக அதை நம்பினார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

என்னிடம் படித்தவர்களே, உங்களுக்கும் நான் ஏதாவது தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் கீழே எழுதுங்கள். மறக்காமல் வழியோடு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்