கத்தியின் வரியும் கொல்லரின் உழைப்பும்

பண்டமொன்றின் பெயர் அதன் உற்பத்தி வரலாற்றை வெளிப்படுத்துவதிலும் பார்க்க மறைப்பதே பெரும்பான்மை. 'டமஸ்கஸ் உருக்கு' என்னும் வழக்கு இதற்குத் தக்க உதாரணமாகும். நீரலை போன்ற வரிகள் படர்ந்த, துருவேறாத உருக்கினாற் கையால் வடிக்கப்படும் கத்திகள் இன்று உலகச் சந்தையில் இப்பெயருடனேயே விலைபோகின்றன. அவற்றின் வரிக்கும் துருவேறாமைக்கும் பின்னால் உள்ள உழைப்பின் வரலாற்றை நாம் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த கொல்லர் இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகுத் துண்டுகளுடன் களிமண் மூசைகளில் இட்டு, வாயை அடைத்து, துருத்தியூதி உருக்கினர். இவ்வாறு பெறப்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ 1.5 சதவீதம் காபன் இருந்தது. 17ஆம் நூற்றாண்டிற் கோல்கொண்டாவிலிருந்து இக்கட்டிகள் பாரசீகத்திற்கு ஏற்றுமதியாயின. அங்குள்ள கொல்லர் அவற்றை மிதமான சூட்டில் மீண்டும் மீண்டும் அடித்து வடித்தபோது, உருக்கினுள் இருந்த காபைட்டுத் துணிக்கைகள் நிரைநிரையாகத் திரண்டன. அமிலம் பூசியதும் அவையே வரிகளாகத் தோன்றின. உருக்கை ஆக்கிய ஊர்கள் மறக்கப்பட, மேற்காசிய நகரமொன்றின் பெயரே நிலைத்தது.

குடியேற்றவாதக் காலத்தில் இவ்வுருக்கு இலண்டன் ஆய்வுகூடங்களை அடைந்தது. 1819இல் மைக்கேல் பரடே இதனைப் பகுத்தாராய்ந்தார். கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து இதற்கு நிகரான உருக்கை ஆக்க முயன்ற அவர், 1820இலும் 1822இலும் கலப்புருக்குகள் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். குரோமியம் கலந்த உருக்கும் அவற்றுள் ஒன்று. 1821இல் பிரான்சின் பியர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலங்களை எதிர்ப்பதை அவதானித்தார். 1913இல் செபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ 13 சதவீதக் குரோமியம் கொண்ட துருவேறா உருக்கை வார்த்தார். மூசை உருக்கு பற்றிய ஆராய்ச்சி, கலப்புருக்கு விஞ்ஞானத்தின் தொடக்கத் தூண்டுதல்களுள் ஒன்றாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், அவ்விஞ்ஞானம் வளர்ந்த அதே நூற்றாண்டிலேயே இக்கைத்தொழில் நலிந்தது. 1856இல் வெளிவந்த பெசமர் முறை உருக்கின் விலையை வீழ்த்தியது. இறக்குமதியான ஆலை உருக்குடன் ஊர்க் கொல்லரின் மூசை போட்டியிட இயலவில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் இலங்கையின் உருக்காக்க முறையைப் பதிவுசெய்தபோது, அத்தொழில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது.

இன்றைய துருவேறா வரியுருக்கு பழைய மூசை உருக்கன்று. சுவீடனில் 1990களிலிருந்து, வேறுவேறு கலப்புருக்குத் தூள்களை அடுக்கி, அழுத்தத்தினாலும் வெப்பத்தினாலும் இறுக்கி இது ஆக்கப்படுகின்றது. முன்னது படிகமாதலின் விளைவு. பின்னது திட்டமிட்ட அடுக்கின் விளைவு. இவ்வேறுபாட்டை மறைத்துப் பழம்பெருமை பேசுவது வரலாறாகாது. அதேவேளை, கண்டுபிடித்தோர் பட்டியலை ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் மட்டும் தொடங்குவதும் வரலாறாகாது. மூசையை வனைந்தவர், கரி சுட்டவர், துருத்தி ஊதியவர் எவருடைய பெயரும் அப்பட்டியலில் இல்லை. நமது தொழில்நுட்ப வரலாறு எழுதப்படும்போது அவர்களது உழைப்பிலிருந்தே அது தொடங்குதல் வேண்டும்.