புதுமீனும் பழைய நீரும்: வறண்ட நிலச் சிறுகுளங்களில் அயல்மீன் பேணலின் வரலாறு – பரளச்சி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்திற்கு அயல்மீன்கள் கொண்டுவரப்பட்ட வரலாறு பெரும்பாலும் உணவுப்பெருக்கம், கொசு ஒழிப்பு ஆகிய நோக்கங்களின் வழியே எழுதப்பட்டுள்ளது. புதிதாக வந்த மீனை முதல் சில வாரங்கள் எவ்வாறு பேணுவது என்னும் வினா அதில் உரிய இடம் பெறவில்லை. ‘மீன் இந்நீரில் பிழைக்குமா’ என்ற கவலை, ‘இம்மீனால் இந்நீர் கெடுமா’ என்ற கவலையாக மாறியதே இவ்வரலாற்றின் திருப்பம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கோய் கெண்டை வளர்ப்பு இம்மாற்றத்தின் அண்மைக்காலச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பரளச்சி, கண்மாய், அயல்மீன், கோய் கெண்டை, தனிமைப்படுத்தல், திலேப்பியா

முன்னுரை

பரளச்சி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் உள்ளது. 1910-இல் உருவாக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வட்டாரம், 1985-இல் நிகழ்ந்த மாவட்டப் பிரிவினைக்குப்பின் விருதுநகரைச் சேர்ந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் கண்மாய் கோடையில் வற்றும். ஆகவே இங்கு மீன்வளர்ப்பு என்பது நிலையான நீரில் நிகழும் தொழிலன்று. ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குவது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் நீர் வந்தபின் குஞ்சுகளை விடுவார். நீர் வற்றுமுன் பிடித்துவிடுவார். இச்சூழலில் புதுமீனைப் பேணுதல் என்பது ஓரிரு ஆர்வலர்களின் பொழுதுபோக்குச் செய்தியாக மட்டும் அமைவதில்லை.

பிழைத்தலே கவலையாக இருந்த காலம்

1860-களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் எச். சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் அம்மீனின் குஞ்சுகள் பொரிக்கப்பட்டன. கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்தது. கோய் கெண்டைக்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டும் சாதாரணக் கெண்டையின் வகைகளாகவே பொதுவில் கருதப்பட்டு வந்தன. கொசுப்புழு ஒழிப்புக்காகக் கப்பி மீன் 1910-இலும், கம்பூசியா இத்தாலியிலிருந்து 1928-இலும் இந்தியாவுக்கு வந்தன.

இம்முயற்சிகளில் முதன்மை பெற்ற வினா ஒன்றே: கொண்டுவந்த மீன் உயிரோடு நிற்குமா? குளிர்நீர் மீனுக்கு மலைநீர் தேர்ந்தெடுக்கப்பட்டதும், சூடு தாங்கும் கம்பூசியா சமவெளிக் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்பட்டதும் இவ்வினாவுக்கான விடைகளே. வந்த மீன் பெருகியபின் என்ன நேரும் என்பது பின்னரே எண்ணப்பட்டது.

மண்டபம் தந்த பாடம்

அவ்வெண்ணத்தைத் தூண்டிய நிகழ்வு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலேயே நடந்தது. 1952-இல் மண்டபத்திலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திற்குத் திலேப்பியா கொண்டுவரப்பட்டது. உவர்நீரையும் நன்னீரையும் ஒருங்கே தாங்குவது, குஞ்சுகளை வாயில் அடைகாப்பது, சில திங்களிலேயே இனப்பெருக்கத்திற்கு வருவது ஆகிய இயல்புகளால் அது எளிதில் பரவியது. 1959-இல் அதனை மேலும் பரப்புவதற்கு எதிராக இந்திய மீன்வள ஆய்வுக்குழு முடிவெடுத்தபோது அது பல நீர்நிலைகளில் வேரூன்றியிருந்தது. ‘ஜிலேபிக் கெண்டை’ என்னும் பெயருடன் திலேப்பியா இன்று தமிழகச் சந்தைகளில் விற்கப்படுகிறது. ஒரு நிலையத் தொட்டியில் செழித்த மீன் நாட்டின் நீர்நிலைகளுக்குள் சென்ற இவ்வரலாறு, மீனின் நலமும் நீர்நிலையின் நலமும் வேறுவேறு என்பதை உணர்த்தியது.

பானையும் பையும்

மீன் பயணம் செய்யும் கலம் மாறியபோது பேணும் முறையும் மாறவேண்டியதாயிற்று. மண்பானையில் குஞ்சு சுமந்த காலத்தில் உயிர்வளிக் குறைவே பெரும் இடர். நீரை அடிக்கடி அசைப்பதும் மாற்றுவதும் அதற்குத் தீர்வுகள். உயிர்வளி நிரப்பிய பாலித்தீன் பை அவ்விடரைக் குறைத்தது. ஆனால் புதிய இடர் ஒன்றைக் கொணர்ந்தது. மூடிய பையில் மீன் வெளிவிடும் கரியமிலவாயு தங்குவதால் நீரின் பி.எச். அளவு தாழ்கிறது, அதனால் சேர்ந்துள்ள அம்மோனியா பெரிதும் நச்சற்ற வடிவில் இருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். உயர, அம்மோனியா நச்சாகிறது. 25 பாகை செல்சியஸில் பி.எச். 7 எனில் நச்சு வடிவம் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, 8.5 எனில் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஆகவே வெப்பநிலை ஒத்துவரும்வரை பையை மூடியே மிதக்கவிட்டு, திறந்தபின் காலந்தாழ்த்தாது மீனை மட்டும் எடுத்து விடுவது, நெடுந்தொலைவு வந்த மீனுக்கு ஏற்றது. பானைக்காலப் பழக்கத்தைப் பைக்கு அப்படியே பொருத்துதல் தீங்காகும்.

நோயும் தனிமைப்படுத்தலும்

1988-இல் இந்தியாவின் வடகிழக்கில் நுழைந்த தொற்றுப் புண்நோய் 1991-இல் கேரளத்தை எட்டியது. பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரால் வரும் இந்நோய்க்கு விரால் எளிதில் இரையாகும். சாதாரணக் கெண்டையும் திலேப்பியாவும் பெரிதும் தாங்கி நிற்கும். வந்த மீன் நலமாகத் தோன்றுவது, இருக்கும் மீனுக்குக் காப்பாகாது என்பதற்கு இது சான்று.

ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று, 1914-இல் டோக்கியோ கண்காட்சி வழியே பரவலாக அறியப்பட்ட கோய் கெண்டைக்கும் இதே நிலை வந்தது. 1998-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய் ஹெர்பிஸ் நச்சுயிரியால் பேரிழப்பு நேர்ந்தது. 2003-இல் ஜப்பானின் காசுமிகௌரா ஏரியில் கெண்டைகள் பெருமளவில் மடிந்தன. இந்நோயிலிருந்து பிழைத்த மீன் நச்சுயிரியைச் சுமந்து திரியக்கூடும். இந்தியக் கோய் வளர்ப்பில் கெண்டை வீக்க நச்சுயிரி இருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. புதுமீனைத் தனித்தொட்டியில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வைத்து, தனி வலையும் வாளியும் பயன்படுத்தும் வழக்கம் இத்தகைய இழப்புகளால் வலுப்பெற்றதாகும்.

பரளச்சி நீருக்குப் பொருத்துதல்

வெளிநாட்டுக் கையேடுகள் நீரை அடிக்கடி மாற்றச் சொல்கின்றன. கோடையில் குடத்து நீரையும் கணக்கிடும் வட்டாரத்தில் அது இயலாது. எனவே மீன்களைக் குறைவாக விடுதல், முதல் நாள் இரையை நிறுத்திப் பின்னர்ச் சிறிது சிறிதாகத் தருதல், வடிகட்டியில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்தல் ஆகியவையே இங்கு முதன்மை பெறும். குழாய்நீராயின் குளோரினை நீக்கியபின்னரே பயன்படுத்த வேண்டும். புதுமீனின் அயர்ச்சியைத் தணிக்க 1000 லிட்டருக்கு 3 கிலோ உப்பு இடுவது பரவலான முறை. ஆனால் நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. பாதி நீர் வற்றினால் உப்புச்செறிவு இரட்டிப்பாகும். கிணற்றுநீரே உவர்ப்பாக உள்ள இடத்தில் இதனை அளந்தன்றிச் செய்தல் தகாது.

கண்மாய்கள் தொடர்ச்சியாக அமைந்திருப்பதும் கருதத்தக்கது. மேற்கண்மாயின் கலுங்கு வழியும் நீர் கீழ்க்கண்மாயை நிறைக்கும். எனவே ஐப்பசி மழையில் வழியும் முற்றத்துக் குளம் ஒன்றோடு நின்றுவிடுவதில்லை. வழிவாய்க்கு வலையிடுதலும், வேண்டாத மீனைக் கண்மாயில் விடாதிருத்தலும் பேணலின் பகுதியேயாகும்.

முடிவுரை

நீலகிரி முயற்சிகள் மீனுக்கேற்ற நீரைத் தேடின. மண்டபத்துத் திலேப்பியா, மீனின் வெற்றி நீர்நிலையின் இழப்பாகலாம் எனக் காட்டியது. புண்நோயும் கோய் நச்சுயிரியும் காத்திருத்தலின் தேவையை வலியுறுத்தின. இம்மூன்றும் சந்திக்கும் இடமே தனித்தொட்டி. ஆண்டுதோறும் நீர் வற்றிப் புதுமீன் வரும் பரளச்சி போன்ற ஊர்களில், வீட்டுக் குளத்தையும் கண்மாயையும் ஒரே நீர்த்தொடராகக் கொண்டு ஆராயும் வட்டார மீன்வள வரலாறு எழுதப்பட வேண்டும். அயல்மீன் வரலாற்றில் நீண்டகாலம் விடுபட்ட ‘முதல் சில வாரங்கள்’ அதில் தனி இயலாக அமைதல் தகும்.