மண்ணில் இருக்கும் நாகம் பயிருக்கு எட்டுவதில்லை



வகுப்பில் 'நாகம்' என்றதும் பிள்ளைகள் பாம்பை நினைத்துச் சிரிப்பார்கள். நான் சொல்வது துத்தநாகம் என்ற உலோகத்தை. பயிருக்கு அது மிகக் கொஞ்சம்தான் வேணும். ஆனால் அது இல்லாமல் பயிர் வளராது. இதை 1926இல் அமெரிக்காவில் அன்னா சொமர், சார்ள்ஸ் லிப்மன் இருவரும் நிறுவினார்கள்.

எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதல்லவா? கிணற்று நீரில் கரைந்துவரும் சுண்ணாம்பு அது. குடாநாடே சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. சுண்ணாம்பு கூடி மண் காரமாகும்போது நாகம் கரையாமல் இறுகிவிடும். பிஎச் ஓர் அலகு ஏறினால் அதன் கரைதிறன் நூறில் ஒரு பங்காகக் குறையும். மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

வட இந்தியாவின் தராய்ப் பகுதியில் நெல் இலைகள் துருநிறமாகிக் காய்ந்தன. 'கைரா' என்று பெயர். பந்த்நகர் பல்கலைக்கழகத்துத் தாவர நோயியலாளர் வை. எல். நேனே 1966இல் காரணத்தைச் சொன்னார்: கிருமி அல்ல, நாகக் குறைபாடு. நாக சல்பேற்றையும் நீறிய சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளிக்கப் பயிர் தேறியது.

எங்கள் மூத்த கமக்காரர் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தார்கள், ஆட்டெரு போட்டார்கள். உக்கும் குழையிலிருந்து வரும் அமிலங்கள் நாகத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும். பெயர் தெரியாமலே அந்த வேலை நடந்தது.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. பசளை மூட்டைகள் வந்தன, குழை குறைந்தது. பொசுபேற்று அளவுக்கு மிஞ்சினால் நாகம் உள்ளே போவது இன்னும் குறையும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பிறகு 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியையே அரசு தடைசெய்தது. நவம்பரில் தடை நீங்கியது. முன்பு மூட்டைதான் எல்லாம், பிறகு மூட்டையே கூடாது. இந்த மண்ணுக்கு எது குறைவு என்ற கேள்வி இரண்டு முறையும் நடுவில் காணாமல் போனது.

நாக சல்பேற்றால் பயிரைக் காத்த அதே நேனே, 1994இல் ஆசிய வேளாண் வரலாற்று மன்றத்தைத் தொடங்கிப் பழைய வேளாண் நூல்களைப் பதிப்பித்தார். அவருக்கு இரண்டும் பகையாகத் தெரியவில்லை.

அடுத்த போகத்துக்குப் பசளை வாங்க முன்னம் மண்ணைப் பரிசோதியுங்கள். நாகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழை தாழ்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.