அடைபட்ட வாசலும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும்

கணவன் கைவிட்டுச் சென்றுவிட்டான்; செலவுக்கும் தருவதில்லை, தலாக்கும் கூறுவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில், ஹனஃபி மத்ஹபின்படி தீர்ப்பளித்த இந்திய நீதிமன்றங்களில் இத்தகைய பெண்ணுக்கு விடுதலை கிடைப்பது அரிதாக இருந்தது. வேறு வழியறியாத சிலர், குறிப்பாகப் பஞ்சாபில், மார்க்கத்தையே துறப்பதாக அறிவித்து மணத்தை முறித்துக்கொண்டனர்.

மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் அப்பெண்களைப் பழிப்பதோடு நின்றுவிடவில்லை. மாலிகி உலமாக்களிடம் கருத்துக் கேட்டு, அந்த மத்ஹபின் தீர்வுகளை ஏற்று 'அல்ஹீலதுந் நாஜிஸா' எனும் நூலை எழுதினார்கள். அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் 4 ஆண்டுகள் காணாமல் போனாலோ, 2 ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டாலோ, கொடுமை இழைத்தாலோ மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெறலாம். மதம் துறப்பதால் மட்டும் மணம் முறியாது என்றும் அச்சட்டம் கூறியது.

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிவு வேண்டியபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து நபி (ஸல்) அவர்கள் விடுவித்ததைப் புகாரியில் படிக்கிறோம். மார்க்கம் திறந்துவைத்த வாசலை நாமே அடைத்துவிட்டு, வெளியே வழி தேடுபவளைக் குறை கூறுவது நீதியாகாது. குல்உ கேட்டு ஜமாஅத்திற்கு வரும் பெண்ணை அலைக்கழிக்குமுன் இவ்வரலாற்றை நினைவில் கொள்வோம்.